பள்ளிக்கூட வாசலில் துப்பாக்கியோடு காவலர்: கையெழுத்துப் போடலாமா?

செம்பருத்தி (மிச்சிகன்):
எங்கள் பள்ளிக்கு ஆயுதமேந்திய காவலர் வேண்டும் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடவில்லை. போன வாரம் பள்ளியில், துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தால் எப்படி ஒளிவது என்று ஒத்திகை நடந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பையனுக்கு இருமல் வந்ததாம். "சத்தம் வெளியே போகக் கூடாதென்று அவன் வாயைப் பொத்திக்கொண்டேன் அம்மா" என்றாள் என் ஏழு வயது மகள். சோறு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனையையும் குழந்தைகள்மேல் சுமத்துகிறோமே, எது உண்மையில் பலன் தருகிறது என்று பார்த்தோமா? 1980 முதல் 2019 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த, நடக்கவிருந்த 133 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு விகிதம் 2.83 மடங்கு அதிகம்.

கல்தூண் (டெக்சஸ்):
சகோதரி, காய்ச்சல் உள்ள வீட்டில்தான் மருந்துப் புட்டி இருக்கும். அதற்காக மருந்துதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்போமா? ஆபத்து அதிகமுள்ள பெரிய பள்ளிகள்தான் காவலரை நியமிக்கின்றன. காவலரைக் கண்டு ஒருவன் வராமலே போயிருந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. 2022 மே மாதம் எங்கள் மாநிலத்தின் யுவால்டியில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அங்கே ஒரு வகுப்பறைக் கதவு சரியாகப் பூட்டாது என்பது பள்ளியில் முன்பே தெரிந்திருந்தது. முதலில் கதவையும் வாசலையும் சரிசெய்யுங்கள்.

செம்பருத்தி:
பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மலிவானது, யாரையும் பயமுறுத்தாது. காவலர் இருப்பதால்தான் சாவு கூடியது என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். குறைந்தது என்பதற்கு மட்டும் என்ன ஆதாரம் இருக்கிறது? அதே யுவால்டிக்கு 376 போலீசார் வந்தார்கள். சுட்டவனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 1999இல் துப்பாக்கிச் சூடு நடந்த கொலம்பைன் பள்ளியில் காவலர் இருந்தார், திருப்பிச் சுடவும் செய்தார். 2018இல் பார்க்லாண்ட் பள்ளியில் சுட்டபோது காவலர் கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். சுட வருகிறவர்களில் பலர் சாகத் துணிந்தவர்கள் அண்ணா. வாசலில் துப்பாக்கியைப் பார்த்தா அஞ்சப் போகிறார்கள்?

பாலாறு (வர்ஜீனியா):
நான் பள்ளி ஆலோசகர். இருவரும் சம்பவம் நடக்கும் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். அதிபருக்குப் பாதுகாப்புத் தரும் அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறை (Secret Service), பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை கொடுத்தது. பத்துக்கு எட்டுத் தாக்குதல்களில், இப்படி ஒன்று வரப்போகிறது என்பது வேறு ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கிற பிள்ளைக்கு. 2013 முதல் எங்கள் மாநிலத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பையன் மிரட்டியதாகத் தகவல் வந்தால் உட்கார்ந்து அவனோடு பேசுவோம். கோபத்தில் வந்த சொல்லா, திட்டம் இருக்கிறதா, ஆயுதம் கைக்கு எட்டுமா என்று பார்ப்போம். பெரும்பாலும் வெறும் கோபமாகத்தான் இருக்கும், மன்னிப்போடு முடிந்துவிடும். 40 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தபோது, இந்த முறையைப் பின்பற்றிய பள்ளிகளில் நீண்டகால இடைநீக்கம் குறைந்தது, ஆலோசனை பெற்ற பிள்ளைகள் கூடினார்கள். துப்பாக்கிச் சூடே குறைந்தது என்று அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. அவ்வளவு அரிதான ஒன்றை 40 பள்ளிகளில் அளக்க இயலாது.

கல்தூண்:
உட்கார்ந்து பேசி என்ன ஆனது? 2021இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் ஒரு பையன் கணக்குத் தாளில் துப்பாக்கியை வரைந்து, உதவுங்கள் என்றும் எழுதியிருந்தான். ஆலோசகர் பேசினார், பெற்றோரும் வந்தார்கள். பையைத் திறந்து பார்க்காமல் வகுப்புக்கு அனுப்பினார்கள். அவன் சுட்டதில் 4 பிள்ளைகள் போய்விட்டார்கள். அங்கே பையைச் சோதிக்க ஓர் ஆள் இருந்திருந்தால்?

பாலாறு:
பையைத் திறந்திருக்க வேண்டும். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் வேலைக்குப் போவதில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியைச் சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு வாங்கியவர் அவனுடைய தந்தை. 2024இல் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ரகசியப் பாதுகாப்புத் துறையின் 2019 அறிக்கையிலும், துப்பாக்கியோடு வந்த மாணவர்களில் நான்கில் மூவர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தார்கள்.

செம்பருத்தி:
ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பிறகு, சிறுவர்கள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் இங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட சட்டங்களால் சிறுவர் தற்கொலையும் தவறுதலாக வெடிக்கும் விபத்தும் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மகளை விளையாட அனுப்பும் முன் அந்த வீட்டாரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். முதல் முறை கேட்க நாக்கு எழவில்லை. உங்களிடமும் கேட்கலாமா அண்ணா? வீட்டில் இருக்கிறதா?

கல்தூண்:
இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், பட்டுப்புடவைப் பெட்டிக்குப் பின்னால். பையனுக்குப் பதினான்கு வயது. அவனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு கேட்டேன். "எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் அப்பா" என்றான். காவலர் வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்வேன். ஆனால் இன்று மாலை பெட்டகம் வாங்கப் போகிறேன்.

பாலாறு:
தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுங்கள் ஐயா. எண் பூட்டு வாங்கினால் அவன் பிறந்தநாளை வைக்காதீர்கள். முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பான்.