பன்றிக்காய்ச்சல்: முடிவு வரும்வரை காத்திருந்த அனுபவம்

கூடலூர் பக்கம் சின்னதாக வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடியில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியானபோது, நாமதான் பழைய பன்றிக்காய்ச்சலுக்கு ஊசி போட்டாச்சே என்று தெம்பாக இருந்தேன். அது வேறு வைரஸ், அந்த ஊசி இதற்கு எடுபடாது என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது.

2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து, அதே நோய்தான் என்று முடிவு வந்தது. அந்த நேரம் பார்த்து என் கொட்டகையில் ஒரு சினைப்பன்றி தீனியைத் தொடவில்லை. காது நுனி கத்தரிப்பூ நிறம். அடிவயிற்றில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. மூன்றாம் நாள் போய்விட்டது. மாதிரி எடுத்துப் போனார்கள். உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டரில் உள்ள பன்றி அத்தனையையும் கொன்று புதைப்பார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசியில் வந்தது பழைய பன்றிக்காய்ச்சல்தான். வியாபாரியிடம் சினையாக வாங்கியது அது ஒன்றுதான். 'ஊசி போட்டாச்சு' என்ற அவர் வாயை நம்பினேன். ஓட்டல் மிச்சம் வாங்கிப் போடுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

அண்ணே, அந்த இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, உறவே கிடையாது. ஆய்வகத்தில் இந்த மரபணு வரிசைகளோடுதான் நான் மாரடிக்கிறேன். பழைய காய்ச்சல் ஆர்.என்.ஏ. வைரஸ், படியெடுக்கும்போதே எழுத்துப்பிழை விட்டுக்கொண்டு போகும். இந்தியாவில் ரொம்ப நாளாக 1.1 என்ற கிளைதான் அதிகம், அப்புறம் 2.2 தலைதூக்கியது. ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸோ பெரிய டி.என்.ஏ. ஆசாமி, 1,70,000க்கு மேல் மரபணு எழுத்து இருக்கும். நிதானமாகத்தான் மாறும். 2007இல் ஜார்ஜியாவில் இறங்கிய இரண்டாம் மரபுவகைதான் 2018இல் சீனாவுக்கும் 2020இல் அசாம், அருணாசலத்துக்கும் வந்தது. வகை பிரிக்கப் பார்க்கும் பி72 மரபணுத் துண்டை ஜார்ஜியாவுடையதோடு ஒட்டிவைத்தால் அச்சு அசல் ஒன்றுதான். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், எந்தக் கொட்டகையிலிருந்து எதற்குப் போனது என்று தடம் பிடிக்க முடியாமல் நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

*

2020 மே மாதம் அசாமில் பணியில் இருந்தேன். பிரம்மபுத்திராவில் செத்த பன்றிகள் மிதந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவன். காசிரங்காவில் காட்டுப்பன்றிகளுக்குத் தொற்றக்கூடாதென்று அகழி வெட்டினார்கள். மனிதருக்கு ஒட்டாது என்று எவ்வளவோ சொல்லியும் எங்கள் மெஸ்ஸில் பன்றிக்கறியை ஒருவரும் தொடவில்லை. ஆனால் ஊரடங்கு தளர்ந்ததும், கூட இருந்த பையன் ஒருவன் உப்பிட்டுக் காயவைத்த பன்றிக்கறியைப் பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப் போனான். அதில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

*

சார், அந்தப் பொட்டலம் எந்த ஊருக்குப் போச்சு?