உச்சி வெயிலில் ஆள் படம்: என்டி பில்ரரோ, டிஃபியூசரோ?

கரையூரான்:
ஆவணிக் கடைசியில காரைநகர் கசூரினா கடற்கரையில ஒரு சாமத்திய வீட்டுப் படப்பிடிப்பு இருக்கு. வீட்டுக்காரருக்கு மத்தியானம் 12 மணிதான் வசதியாம். லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8 க்கு அகலத் திறந்து பின்னணி மங்கலா எடுக்கவேணும். என்டி பில்ரர் (லென்ஸுக்குள்ள போற வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) போட்டால் கண்ணுக்குக் கீழ விழுற கறுப்பு நிழல் மென்மையாகுமோ? ஃபிளாஷுக்குப் போடுற வெள்ளைத் தொப்பி காணுமோ? நகையில அடிக்கிற வெளிச்சத்தை சிபிஎல் (மினுக்கத்தை வெட்டுற போலரைசர் பில்ரர்) குறைக்குமோ?

பனங்கூடல்:
என்டியால நிழல் மாறாது தம்பி. முகமும் நிழலும் ஒரே அளவில இருளும், இரண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசம் அப்பிடியே நிக்கும். நிழல் மென்மையாக வேணுமெண்டால் வெளிச்சம் வாற பரப்புப் பெருக்க வேணும். அந்த நாளையில எங்கட பக்கம் மத்தியான வெயில் கிட்டத்தட்ட நேர் உச்சியில நிக்கும். புருவம், மூக்கு, நாடி எல்லாம் கீழ்நோக்கி நிழல் விழுத்தும்.

ஐந்து விதமாய்ப் பாவிக்கிற 110 சென்ரிமீற்றர் ரிஃப்ளெக்டரின்ர உறையைக் கழற்றினால் உள்ளுக்கு வெள்ளைத் துணி இருக்கும், அந்த டிஃபியூசர்தான் வேணும். தலைக்கு மேல ஒரு முழத்துக்குள்ள, படத்தில விழாத அளவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுங்கோ. தூரப்போனால் மென்மை குறையும்.

கனபேர் கவனிக்காதது ஒண்டு: அந்தத் துணி 1 தொடக்கம் 1.5 ஸ்ரொப் குடிக்கும் (ஒரு ஸ்ரொப் குறைஞ்சால் வெளிச்சம் பாதியாகும்). முகத்துக்கு ஏத்தமாதிரி எக்ஸ்போஷர் (படத்துக்கு விடுற வெளிச்ச அளவு) வைச்சால் பின்னால வெயிலில கிடக்கிற கடலும் மணலும் அந்தளவுக்கு வெளிறிப்போகும். அதால பின்னணி இருண்டிருக்க, பிள்ளையின்ர முதுகு சவுக்கு மரப் பக்கம், முகம் கடல் பக்கம் இருக்கட்டும். மணலில பட்டு வாற வெளிச்சம் நாடிக்குக் கீழ தானா நிரப்பும்.

முழு உருவத்துக்கு 6க்கு 4 அடிச் சட்டம் அடியுங்கோ: முக்கால் இஞ்சி எஸ்லோன் பைப் 20 அடி, எல்போ 4, ஒற்றையாய் விரிச்ச வெள்ளைப் பருத்தி வேட்டி. நீலம் போட்ட வேட்டி தோலை நீலமாக்கும், வெளுக்காத துணி மஞ்சளடிக்கும். எதுவெண்டாலும் துணிக்குக் கீழ சாம்பல் அட்டை பிடிச்சு வைற் பலன்ஸ் (நிறச் சமன்) எடுங்கோ.

தொண்டைமானாறு:
என்டி வேண்டியது ஃபிளாஷுக்காக. கடும் வெயிலில ஐஎஸ்ஓ (கமராவின்ர ஒளி உணர்திறன்) 100, எஃப் 2.8 எண்டால் ஷட்டர் 1/3200 செக்கன் வரும். சிங்க் (ஃபிளாஷோட ஒத்து வேலைசெய்யிற ஆகக்கூடிய ஷட்டர் வேகம்) பொதுவா 1/200. இடைவெளி 4 ஸ்ரொப், அதுக்கு வெளிச்சத்தைப் பதினாறில ஒரு பங்காக்கிற என்டி16. ஆனா அது ஃபிளாஷையும் 4 ஸ்ரொப் குறைக்கும், எஃப் 11 க்கு வேண்டிய பலத்தை ஃபிளாஷ் குடுக்க வேணும். கைட் நம்பர் (ஃபிளாஷின்ர பல அளவு) 36 எண்டால், அதை 11 ஆல பிரிக்க வெறும் ஃபிளாஷுக்கு 3.3 மீற்றர் தூரம், வெள்ளைக் குடைக்குள்ளால விட்டால் ஒண்டரை மீற்றருக்குள்ள வாங்கோ. சிங்க் வேகத்துக்கு மேலயும் ஃபிளாஷ் அடிக்கிற எச்எஸ்எஸ் முறையில பலம் இன்னும் விழும்.

தொப்பி வெளியில வேலைசெய்யாது. தெறிச்சு வர சுவரோ சீலிங்கோ இல்லை, வெளிச்சம்தான் வீணாகும்.

சிபிஎல் உலோகத்தின்ர மினுக்கத்தை வெட்டாது, நகைக்குத் துணிதான் வழி. கடல்நீர், தோல் எண்ணெய் இரண்டின்ர மினுக்கத்திலயும் நல்லா வேலைசெய்யும். அது 1.5–2 ஸ்ரொப் குடிக்கிறதால, சிபிஎல்லோட என்டி4 சேர்த்தால் என்டி16 க்குக் கிட்ட வந்திடும். மலிவு வேரியபிள் என்டியை (திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கிறது) வைட் லென்ஸில கடைசி வரைக்கும் திருப்பினால் படத்துக்குக் குறுக்கால கறுப்புப் பெருக்கல் அடையாளம் விழும்.

கரையூரான்:
நன்றி அண்ணைமார். காத்துக்கு என்ன செய்யிறது?

பனங்கூடல்:
சோழகம் (தென்மேல் காத்து) அடிக்கேக்க சட்டத்தை ஸ்ராண்டில பூட்டாதேங்கோ, ஆளோட சாயும். இரண்டு பேர் பிடிக்கட்டும், விளிம்பு காத்துப் பக்கம் பார்க்கட்டும். குடை ஸ்ராண்டுக்கு 5 கிலோவுக்குக் குறையாத மணல் பை.