எரேமியா 29:11-ல் செய்தி கொடுக்க வேண்டும்: யாரிடமாவது கேட்கலாமா, ஜெபித்தால் போதுமா?

கோவை_மருமகள்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் என்னைச் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் தடவை. வசனத்தையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்று எங்கள் சபையில் பாதி வீடுகளில் வாக்குத்தத்த அட்டை தொங்குகிறது.

கூட்டம் நடக்கிற வீட்டு அக்காவின் மகனுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டிலேயே நின்றுகொண்டு இந்த வசனத்தை எப்படிச் சொல்வது? ஐயரிடம் (எங்கள் சபைப் போதகரிடம்) கேட்கலாமா, விளக்கவுரை ஏதாவது வாசிக்கலாமா என்று சங்கத்தில் கேட்டேன். ஒரு சகோதரி, "'ஒருவரும் உங்களுக்குப் போதிக்கவேண்டுவதில்லை' என்று 1 யோவான் 2:27-ல் இருக்கிறதே! ஜெபித்துவிட்டு எழுந்து நில், ஆவியானவர் பேசுவார்" என்கிறார். இது சரியா?

நாசரேத்_டீச்சர்:
தங்கச்சி, தாராளமாகக் கேளு. நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க வந்த புதிதில் எங்கள் ஊர் உபதேசியார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பாடம் எடுக்கிறவர்களை உட்கார வைத்து, "யார் பேசுகிறது? யாரிடம்? அதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் யாரையும் வகுப்புக்கு விடமாட்டார். இன்றைக்கும் அந்த மூன்று கேள்விகளைத் தாண்டி என்னால் ஒரு வசனத்தையும் எடுக்க முடியவில்லை.

உன் வசனத்துக்கே கேட்டுப் பார். எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. கி.மு. 597-ல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குப் போனது. முந்தின அதிகாரத்தை வாசி. இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று சொல்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவோ 29:10-ல் எழுபது வருஷம் என்கிறார். கடிதம் வந்த அன்றைக்கு முப்பது வயதில் இருந்தவர்கள் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்கிறார். அதற்கெல்லாம் பிறகுதான் 11-ம் வசனம்.

இது தெரியாமல் எழுந்து நின்றால் நம் வாயில் என்ன வரும்? "இந்த வருஷத்துக்குள் உங்கள் மகன் சுகமாவான்" என்பதுதான் வரும். அனனியா சொன்னதும் அதே மாதிரிதானே! அந்த அக்காவுக்கு இந்த வேதபகுதியில் அதைவிடப் பெரிய ஆறுதல் இருக்கிறது. சிறையிருப்பு முடிந்த பிறகு வந்த கடிதமா அது? அவர்கள் மாட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே தேடி வந்தது. சுகத்துக்காக ஜெபி, கண்டிப்பாக ஜெபி. தேதி மட்டும் குறிக்காதே.

1 யோவானுக்கும் அதே கேள்விகள்தான். முந்தின வசனத்தில், "உங்களை வஞ்சிக்கிறவர்களைக்குறித்து" எழுதினேன் என்கிறார். சபையை விட்டுப் பிரிந்துபோனவர்களைப் பற்றி 2:19-லேயே சொல்லிவிட்டார். அவர்களுடைய புதுப் போதகம் உங்களுக்கு வேண்டாம், ஆதிமுதல் கேட்டதில் நில்லுங்கள் என்பதுதான் பேச்சு. போதிக்கவே ஆள் வேண்டாம் என்றால் யோவான் ஏன் ஐந்து அதிகாரம் உட்கார்ந்து எழுதுகிறார்?

அன்பியம்_திருச்சி:
நான் கத்தோலிக்கன். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டங்களிலும் இதே கேள்வி வரும். திருத்தூதர் பணிகள் (உங்கள் வேதாகமத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள்) 8-ல் எத்தியோப்பிய நிதியமைச்சர் தேரில் எசாயா 53-ஐ வாசித்துக்கொண்டு போகிறார். படித்தவர், பதவியில் இருப்பவர். நற்செய்தி அறிவித்துவந்த பிலிப்பு, வாசிப்பது புரிகிறதா என்று கேட்டதும், யாராவது விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று அவரே பிலிப்பை ஏற்றி உட்காரவைக்கிறார். பிலிப்பை அங்கே அனுப்பியது தூய ஆவியார்தான். ஆவியாரா ஆளா என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரோயா_தம்பி:
டீச்சர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். வழிகாட்டி வேண்டும் என்று ஆரம்பித்து, ஐயர் சொன்னால் முடிந்தது என்று நிற்கிற சபைகளையும் பார்க்கிறோம். பெரோயா பட்டணத்தார் பவுலே பிரசங்கித்தும், "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் (அப். 17:11). அக்கா, யாரிடம் கேட்டாலும் கையில் வேதாகமம் திறந்திருக்கட்டும்.

நாசரேத்_டீச்சர்:
நல்லா சொன்னீங்க தம்பி. வழிகாட்டுகிறவர் ஐயராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆதி சபையில் பிரசங்கித்த அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், ஆனாலும் யோவான்ஸ்நானகன் கொடுத்த ஸ்நானத்தை மட்டும்தான் அறிந்திருந்தான். அவனைச் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்தது கூடாரம் பண்ணுகிற ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும். ஒரு பெண்ணும் சேர்ந்துதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், தங்கச்சி. உங்கள் சங்கத்திலேயே வேதம் வாசித்துத் தழும்பேறின ஒரு பெரியம்மா இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார்.

கோவை_மருமகள்:
ரொம்ப நன்றி அக்கா. 28-ம் 29-ம் இப்போதுதான் சேர்த்து வாசித்தேன். அழுகை வந்துவிட்டது. கூட்டத்தில் 11-ஐ மட்டும் வாசிக்கச் சொல்லாமல் 4 முதல் 14 வரை வாசிக்க வைக்கலாமா?

நாசரேத்_டீச்சர்:
வாசிக்க வை. ஆளுக்கு இரண்டு வசனம் என்று பிரித்துக் கொடு. 7-ம் வசனம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, சிறைப்பட்டுப் போய் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிப்பது என்றால் நமக்கு என்ன என்று கேளு. டயாலிசிஸ் வார்டில் இருக்கிற நர்சுகளின் பெயரை அந்த அக்காவே சொல்வார்கள். அவர்களுக்காகவும் சேர்ந்து ஜெபியுங்கள். செய்தி பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம்.