இன்ஜின் வேலைக்குப் பின் புல்லட்டின் ஐடிலிங் இறங்க மறுக்கிறது: எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், பாயின்ட் இக்னிஷன் (தொடுமுனைகள் திறந்து தீப்பொறி உண்டாக்கும் முறை), மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்). புகை அதிகமானதால் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் சிலிண்டரை 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் செய்து (உட்புறத்தைக் குடைந்து பெரிதாக்கி), புதிய பிஸ்டனும் ரிங்குகளும் போட்டு, வால்வு சீட்டுகளையும் (வால்வு அமரும் வளையங்களை) வெட்டித் தந்தார்கள். வேலைக்கு முன்பு ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஒவ்வொரு அடியாக எண்ணிவிடும் அளவுக்கு மெதுவாகவும் சீராகவும் இருந்தது. இப்போது குளிர்ந்த நிலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சூடேறிய பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மூடினாலும் வேகம் சில நொடிகள் உயரத்திலேயே நிற்கிறது. பிறகு மெல்ல இறங்கி, சில நேரம் அணைந்தும் விடுகிறது. ஐடிலிங் வேகத்தை அமைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவை ஏறக்குறைய முழுவதும் தளர்த்தியாகிவிட்டது. ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. புதிய போர் அப்படித்தான் இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். இதை ஏற்கலாமா?

பதில் 1:
வணக்கம் ஐயா. புதிய ரிங்குகள் படியும் வரை ஐடிலிங் கொஞ்சம் மாறுவது இயல்பே. ஆனால் அந்த மாற்றம் ஒரே சீராக இருக்கும்: தொடக்கத்தில் உராய்வு மிகுதியால் வேகம் சற்றுக் குறையும், ரிங் படியப் படிய மெல்லக் கூடும். நீங்கள் சொல்வது போல உயரத்தில் தொங்கி நின்று பின் அணைவது ரிங்கின் வேலை அன்று. ஆகவே ஆயிரம் கிலோமீட்டர் காத்திருக்க வேண்டாம். இது காற்றுக் கசிவாக இருந்தால், பெட்ரோல் குறைந்த கலவையில் புதிய பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகும்.

கார்புரேட்டர் திருகுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் வண்டியை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். வேகம் மாறினால் டேங்க்கை ஏற்றும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் அதன் அடியில் சிக்கியிருக்கிறது என்று பொருள். மாறவில்லை என்றால், இன்ஜின் சூடாக இருக்கும்போது சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் விசையை) சிறிது நேரம் போட்டுப் பாருங்கள். தொங்கல் நீங்கி ஐடிலிங் சீராகுமானால், எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது.

அப்படியானால் நான் முதலில் சந்தேகிப்பது கார்புரேட்டரும் ஹெட்டும் (சிலிண்டரின் மேல் பாகமும்) சேரும் இடத்தைத்தான். அங்குள்ள ஃபிளாஞ்சை (கார்புரேட்டரின் தட்டையான இணைப்பு முகத்தை) இரண்டே நட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றை அளவுக்கு மீறி முடுக்கினால் இரு காதுகளும் முன்னோக்கி வளைந்து, நடுவில் இடைவெளி விழுந்துவிடும். ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போதுதான் உள்ளே உறிஞ்சு விசை மிகுதி, முறைப்படி நுழையும் காற்றோ மிகக் குறைவு. அதனால் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். திறந்து ஓட்டும்போது அதே கசிவு மொத்தக் காற்றில் ஒரு சிறு பங்குதான். ஓட்டும்போது குறை தெரியாததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

சோதனைக்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ சூடான இன்ஜின் மீது அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும். தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் சிறு ஸ்பிரே பாட்டிலால் அந்த இணைப்பில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் இடைவெளியை மூடும் அந்த நொடியில் ஐடிலிங் மாறும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். தீப்பொறியின் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. பாயின்ட் மூடிக்குள் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளின் (வேகம் கூடும்போது தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்தள்ளுபவை) ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, எடைகள் எண்ணெய் காய்ந்து ஒட்டினாலோ, வேகம் இறங்கிய பிறகும் டைமிங் முன்தள்ளியே நிற்கும்; அடையாளம் காற்றுக் கசிவை அப்படியே ஒத்திருக்கும். இன்ஜினை நிறுத்தி, பாயின்ட்டைத் திறக்கும் கேமை விரலால் திருப்பி விடுங்கள்; அது சட்டென்று தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கட்டும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகவே திறந்து டைமிங்கும் முன்னேறும் என்பதால், இடைவெளியைச் சரிசெய்த பின்னரே டைமிங்கைப் பார்க்க வேண்டும்.

வால்வு சீட் வெட்டியதாகச் சொல்கிறீர்கள். வெட்டினால் வால்வு உள்ளே இறங்கி அதன் தண்டு மேலே உயரும். ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கும்போதும் புஷ்ராடின் (வால்வைத் திறக்க உதவும் தண்டின்) தளர்வு குறையும். இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷன் அடியின் உச்சியில் நிறுத்தி, இரண்டு புஷ்ராடுகளும் விரலால் எளிதாகச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுவதும் மூடாது. ஐடிலிங் அலைவது மட்டுமன்றி எக்ஸாஸ்ட் வால்வும் கருகிவிடும். டிகம்ப்ரஸர் (ஸ்டார்ட் செய்ய எளிதாகச் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் பாகம்) கேபிளிலும் சிறிது தளர்வு இருக்கட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஹேண்டிலைத் திருப்பியபோது மாற்றம் இல்லை. சோக் போட்டதும் தொங்கல் நீங்கியது. தண்ணீர் தெளித்தவுடன் வேகம் தெளிவாக இறங்கியது. கார்புரேட்டரைக் கழற்றி ஃபிளாஞ்சின் மீது இரும்பு அளவுகோலை வைத்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இடையில் இருக்கும் வெப்பத் தடுப்புக் கட்டையின் ஒரு முகமும் சமமாக இல்லை. எக்ஸாஸ்ட் புஷ்ராடும் சற்று இறுக்கமாகவே இருந்தது, அதைச் சரிசெய்துவிட்டேன். அட்வான்ஸ் எடைகள் நன்றாக இயங்குகின்றன. ஃபிளாஞ்சை மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
தேவையில்லை. தடித்த கண்ணாடியின் மேல் மெல்லிய உப்புத்தாளை நனைத்துப் பரப்பி, ஃபிளாஞ்சை எட்டு வடிவில் மெதுவாகத் தேயுங்கள். முகம் முழுவதும் ஒரே பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடலாம். கட்டையின் இரு முகங்களையும் அப்படியே தேய்த்து, தூளை முழுவதும் கழுவி, இரு பக்கமும் புதிய காகிதப் பேக்கிங் போடுங்கள். பசை தடவினால் பிதுங்கும் துணுக்கு உள்ளே போகக்கூடும். நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

ஸ்லோ ஸ்க்ரூவைத் தொடும் நேரம் அதன் பிறகுதான். இன்ஜின் நன்கு சூடேறியதும் ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முட்டும் வரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து இரு பக்கமும் கால் சுற்றாகத் திருப்பி, வேகம் மிகுதியாகும் இடத்தைக் கண்டு, பின்பு ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். இந்த வகைக் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால்தான் கலவையில் பெட்ரோல் கூடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். சில நாள் ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை வெளுத்திருந்தால் (கலவையில் பெட்ரோல் குறைவு என்பதற்கு அடையாளம்), புகைப்படத்துடன் இங்கே எழுதுங்கள்.