50 மி.மீ. சினி பிரைம்: சிபி.2, குக் எஸ்4, மாஸ்டர் பிரைம் உள்ளே எப்படி வேறுபடுது?

கேள்வி (ஃபோகஸ்_மார்க்):
சைஸ் (Zeiss) சிபி.2 (டி2.1; டி எண் குறைஞ்சா வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்), குக் எஸ்4/ஐ (டி2), மாஸ்டர் பிரைம் (டி1.3) மூணு சினி பிரைமிலும் (ஜூம் இல்லாத சினிமா லென்ஸ்) 50 மி.மீ. வாடகைக்குக் கிடைக்குது. லுக் பத்தி நிறைய படிச்சாச்சு. ஃபோகஸ் திருப்பும்போது உள்ளே எது நகருது, வளையத்தில் இருக்கிற தூர மார்க்குகளின் இடைவெளியும் பிரீத்திங்கும் (ஃபோகஸ் மாறும்போது பிம்பம் பெருசாகிச் சிறுசாகிறது) ஏன் மாறுது, எடுக்கிறதுக்கு முன்னாடி எதைச் சோதிக்கணும்னு விளக்கமா சொல்லுங்க.

பதில் (பிளானார்50):
சிபி.2 50, பிளானார் 50 எஃப்1.4 ஸ்டில் லென்ஸோட கண்ணாடிதான். உடம்பும் 14 இதழ் ஐரிஸும் (வெளிச்சத் திறப்பு) சினிக்காகப் பண்ணினது. டி1.5 சூப்பர் ஸ்பீடு பதிப்பிலும் அதே ஆப்டிக்ஸ். டி2.1-ல் திறப்பை அங்கேயே நிறுத்திட்டதால, முழுசா திறந்தாலும் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகிற ஒரு படி) மூடின மாதிரி சுத்தமா இருக்கும்.

ஃபோகஸுக்கு மொத்தக் கண்ணாடியும் ஒண்ணா முன்னாடி நகரும். 1 மீட்டருக்குக் கொண்டுவர சுமார் 2.6 மி.மீ. நகரணும், பிம்பம் ஏறக்குறைய 5% பெருசாகும். நீங்க பார்க்கிற பிரீத்திங் அதுதான்.

பதில் (கேம்_காடி):
மார்க் இடைவெளிக்குக் காரணம் மரை. பழைய சைஸ் சூப்பர் ஸ்பீடு மாதிரி ஹெலிக்காய்டு (சுருள் மரை) இருந்தா, வளையம் சுத்துற அளவுக்கு நேர் விகிதத்தில் லென்ஸ் நகரும். முடிவிலியிலிருந்து 1 மீட்டர் வரை 300 டிகிரி சுத்துற 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்குங்க. 10 மீட்டர் மார்க் 29 டிகிரியிலேயே வந்துடும், 3 மீட்டர் 97-ல். மிச்சம் 200 டிகிரியும் 3-க்கும் 1-க்கும் நடுவில். நடிகர் 8 மீட்டரில் நடந்தா ஃபோகஸ் புல்லருக்கு (ஃபோகஸ் வளையத்தைத் திருப்புறவர்) பிடிமானமே இருக்காது.

எஸ்4-ல் கேம், அதாவது பின் ஓடுற வளைந்த காடி. காடியை எந்த வளைவிலும் வெட்டலாம், அதனால தூர மார்க்குகளை விரிச்சு வைக்க முடியுது. ஆனா காடியில் ஓடுற பின் தேய்ஞ்சா ஆட்டம் வந்துடும். முழுத் திறப்பில் ஃபோகஸ் சார்ட்டை (கூர்மை பார்க்கிற அட்டை) 2 மீட்டரில் வைங்க. முடிவிலிப் பக்கமிருந்து ஒரு தடவை, கிட்டப் பக்கமிருந்து ஒரு தடவை கூர்மைக்குக் கொண்டுவாங்க. வளையம் ரெண்டு இடத்தில் நின்னா அந்த லென்ஸ் வேண்டாம். வயர்லெஸ் மோட்டார் கேலிபரேட் பண்ணும்போது டார்க்கை (மோட்டாரோட முறுக்கு விசை) குறைச்சு வைங்க. வளையம் நிக்கிற கடைசி முனையில் மோதி மோதித்தான் பாதி தேய்மானம் வருது.

பதில் (ஷிம்_பெட்டி):
மாஸ்டர் பிரைமில் ரெண்டு கண்ணாடித் தொகுதி தனித்தனியா நகரும் (மிதக்கும்). அதனால கிட்டத்திலும் ஓரம் கெடாது, பிரீத்திங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு. முகத்துக்குக் கிட்டப் போய் ஃபோகஸ் மாத்துற ஷாட் நிறைய இருந்தா, எடையைப் பொறுத்துக்கிட்டு இதையே எடுங்க.

மார்க் தப்பினா உடனே ஷிம்மை (மவுண்டுக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகடு) தொடாதீங்க. பிஎல் மவுண்டில் பிளாஞ்ச் தூரம் (லென்ஸ் பொருந்துற முகத்திலிருந்து சென்சார் வரை) 52.00 மி.மீ. டி1.3-ல் ஃபோகஸ் ஆழம் (சென்சார் பக்கம் கூர்மை கெடாம நகரக்கூடிய அளவு) வெறும் ±0.03 மி.மீ.தான். அதே 0.03 பிளாஞ்சில் தப்பினா, 50 மி.மீ.-ல் 1 மீட்டரில் 1 செ.மீ. விலகும், 3 மீட்டரில் 10 செ.மீ. தூரத்தோட பிழை இப்படி ஏறினா ஷிம் பிரச்சினை. முடிவிலி சரியா இருந்து 1 மீட்டர் மட்டும் தப்பினா மார்க் வளையமோ, மிதக்கும் தொகுதிகளின் இடைவெளியோ காரணம். அப்போ ஷிம் மாத்தினா நல்லா இருந்த முடிவிலியும் போயிடும்; காலிமேட்டர் (முடிவிலி ஃபோகஸைச் சரிபார்க்கிற கருவி) உள்ள சர்வீஸுக்குக் குடுங்க.

அதுக்கு முன்னாடி அதே கேமராவில் வேற ரெண்டு லென்ஸ் மாட்டிப் பாருங்க. மூணுமே ஒரே பக்கம் தப்பினா கோளாறு கேமரா மவுண்டில்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். 1, 3, 10 மீட்டரில் சார்ட் வைச்சு மூணு லென்ஸையும் பார்த்துட்டு அளவுகளை இங்கேயே போடறேன்.