தோற்றம் ஆரஞ்சு, சுவை கடும் புளிப்பு: கொல்லையில் நிற்பது என்ன மரம்?

கேள்வி:
புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் முள்ளும் புதருமாக ஒரு மரம், கிளை கொள்ளாமல் காய்த்திருக்கிறது. பழுத்தால் கமலா ஆரஞ்சு நிறம். தோலும் அதேபோல நகம் பட்டதும் கழன்று வருகிறது. ஒரு சுளையை வாயில் போட்டால் பல் கூசிவிடுகிறது. இன்னும் பழுக்கட்டும் என்று மரத்திலேயே விட்டுப் பார்த்தேன். நிறம்தான் ஏறியது, புளிப்பு இம்மியும் குறையவில்லை. முன்பு குடியிருந்தவர்களோ "அது நல்ல இனிப்பு மரமாச்சே" என்கிறார்கள். பொய் சொல்லும் ஆட்கள் இல்லை. இது என்ன மரம்?

பதில் 1:
காலமாண்டின் என்கிற குட்டி ஆரஞ்சு வகையா பாருங்க. பழம் 3, 4 செ.மீ.தான் இருக்கும். தோல் இனிக்கும், உள்ளே புளிக்கும்.

கேட்டவர்:
இல்லைங்க, இது 6 செ.மீ. இருக்கும். தோலில் இனிப்பே இல்லை.

பதில் 2:
பழத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தில் கலப்பு அதிகம். இலைக்காம்பைப் பாருங்கள். காம்பின் இருபக்கமும் அகலமாகச் சிறகு விரிந்திருந்தால் பம்பளிமாஸ் வழி. சிறகு கிட்டத்தட்ட இலை அளவுக்கே இருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இலை போலத் தெரிந்தால் காஃபிர் எலுமிச்சை. ஒரே காம்பில் மூன்று இலை என்றால் மூவிலை ஆரஞ்சு. அடுத்து மொட்டின் நிறம், சுளையின் நிறம். முக்கியமாக, அடிமரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு இருக்கிறதா?

கேட்டவர்:
சிறகு இருக்கிற இடமே தெரியவில்லை, அவ்வளவு ஒடுக்கம். மொட்டின் வெளிப்புறம் ஊதா. சுளை நல்ல ஆரஞ்சு நிறம். அடியில் தடித்த கட்டை ஒன்று பட்டுப்போய் நிற்கிறது. இப்போதுள்ள கிளைகள் எல்லாம் அதற்குக் கீழிருந்து கிளம்பியவை.

பதில் 2:
அப்படியென்றால் ரங்பூர் எலுமிச்சை என்றே சொல்வேன். சுளை வெளிர் மஞ்சளாக இருந்திருந்தால் ஜம்பேரி என்ற எலுமிச்சை வகை என்றிருப்பேன். இரண்டுமே மாண்டரினும் (கமலா ஆரஞ்சு இனம்) கடாரநாரத்தையும் கலந்து வந்தவை, இரண்டையும் ஒட்டுக்கன்றுக்கு வேர்ச்செடியாக, அதாவது வேரோடு கீழே நிற்கும் அடிச்செடியாக வைப்பார்கள். மேலே ஒட்டியிருந்த இனிப்பு ரகம் பட்டுப்போய், கீழே இருந்த வேர்ச்செடி தழைத்துவிட்டது. முன்பு இருந்தவர்கள் சொன்னதும் உண்மை, நீங்கள் சுவைப்பதும் உண்மை.

காத்திருந்தாலும் இனிக்காது, இதன் இயல்பே புளிப்பு. சாற்றை எலுமிச்சைக்குப் பதிலாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அருமையான மணம்! தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். வேர் ஊன்றிய மரம் கிடைப்பது பெரிய விஷயம். பட்டை சுலபமாக உரியும் பருவத்தில், பென்சில் பருமனுள்ள கிளையில் இனிப்பு ரகத்தின் மொட்டை (கணு அரும்பை) வைத்துக் கண்ணொட்டு கட்டலாம்.

கேட்டவர்:
மரத்தை வெட்டவே மாட்டேன். ஒட்டு கட்டினாலும் புளிப்புக் கிளை ஒன்றை விட்டுவைக்க ஆசை. முடியுமா?

பதில் 2:
முடியும். ஆனால் வேர்ச்செடிக் கிளைக்கு வேகம் அதிகம். அதை அவ்வப்போது கவாத்து செய்து குட்டையாகவே வையுங்கள். விட்டால் ஒட்டை மறுபடியும் அமுக்கிவிடும்.