ஆட்டோபைலட் பொருத்தம்: புதுப்பிப்பு

நானே கட்டி முடித்துப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் ஆட்டோபைலட்டின் (விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியின்) உருளல் சர்வோவை, அதாவது விமானத்தை இடவலமாகச் சாய்க்கும் மோட்டாரை, எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். இறுதியில் இறக்கைக்குள், பெல்கிராங்க் (தண்டின் அசைவைத் திசைமாற்றித் தரும் நெம்புகோல்) அருகிலேயே பொருத்தினேன். ஆய்வுத் துளை வழியே ஒற்றைக் கையை நுழைத்து நட்டுகளை முடுக்கியதுதான் பெரும்பாடு.

கட்டுப்பாட்டுக் கோலை இரு எல்லைகளுக்கும் தள்ளிப் பார்த்தபோது, சர்வோவின் கையும் இணைப்புத் தண்டும் ஏறக்குறைய நேர்கோட்டில் வந்து நின்றன. அந்நிலையைக் கடந்தால் கை மறுபக்கம் மடங்கி ஏலரான்கள் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள்) பூட்டிக்கொள்ளும் என்பதால், தண்டைச் சர்வோ கையின் வெளித்துளைக்கு மாற்றிச் சுழற்சிக் கோணத்தைக் குறைத்தேன். இதனால் கிடைக்கும் விசையும் சற்றுக் குறைகிறது, ஆனால் பூட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

தரையில் ஆட்டோபைலட்டை இயக்கிவிட்டு, கோலைக் கையால் மீறித் திருப்ப முடிவதையும் உறுதிசெய்தேன். எடையையும் ஈர்ப்பு மையத்தையும் மறுபடி கணக்கிட்ட பின்னரே பறந்தேன். முதல் பறப்பில் இறக்கைகள் இடவலமாக மெல்ல ஆடின. ஆட்டோபைலட்டின் உணர்திறன் அமைப்பைக் குறைத்ததும் அது நின்றுவிட்டது.